உள்ளபடி வரையாத முகம்

இன்று காலை காரவள்ளிக்குத் தெற்கே ஒரு கரும்பாலையைக் கடந்து வந்தேன். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் தெரிந்தவர். "வாங்க ராவுத்தரே, சூடா ஒரு கை வெல்லம் தின்னுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. சர்க்கரைக்கு ரேஷன் வைத்திருக்கும் இந்தக் காலத்தில் வெல்லத்தைக் கண்டு ஓடுகிற கிழவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உனக்கு அந்த வாசனை தெரியும். அந்தத் தீவில் இறங்கின நாளிலிருந்து நீ அதைத்தான் மூச்சாக இழுத்தாய். நீ செத்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. உனக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும் என்று இத்தனை வருடங்களில் ஒருநாளும் தோன்றவில்லை என்று எழுதலாம். அது பொய். இனி உனக்குப் பொய் எழுத என்னால் ஆகாது. தோன்றும்போதெல்லாம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த காரியம் அது ஒன்றே.

கொல்லிமலைப் பைல் நாட்டிலிருந்து மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ எங்கள் அத்தாவின் கடைக்கு இறங்கி வருவாய். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. அத்தா கேட்கும்படி இருந்தால் "ஏனுங்க சின்ன ராவுத்தரே, சௌக்கியமுங்களா?" என்பாய். அவர் உள்ளே போனதும் "ஏப்பா, இன்னைக்கு என்ன கிறுக்கி வச்சிருக்கறே, காட்டு" என்பாய். நான் சேலத்தில் படித்துக் கம்பவுண்டர் வேலை பழகிக்கொண்டிருந்த காலம் அது. லீவுக்கு வந்தால் சாமான் கட்டும் தாளில் பென்சிலால் எதையாவது வரைந்துகொண்டிருப்பேன். உன் மாட்டை ஒருமுறை வரைந்து காட்டினேன். கொம்பு இரண்டும் ஒரே மாதிரி இருந்தது கண்டு நீ சிரித்துவிட்டாய். "எம்மாட்டுக்கு எடது கொம்பு மொடக்குப்பா. உள்ளபடி போட்டாத்தானே எம்மாடு?" என்றாய். அழகாக இருக்கட்டும் என்று நேராகப் போட்டேன் என்றேன். அந்த வயதிலேயே எனக்கு அந்த நோய் இருந்திருக்கிறது.

அடுத்த வருடம் சர்க்கார் உங்கள் சரிவுக்கு மேலே கல் நட்டு, அது இனி ரிசர்வ் காடு என்று சொல்லியது. உன் பாட்டன் காலத்திலிருந்து கொத்திச் சாமை விதைத்த இடம். நீ வழக்கம்போல விதைத்தாய். காட்டுக் காவலன் ஒருவன் கதிர் விட்ட சாமைக்குள் மாட்டை ஓட்டிவிட்டு, தடுக்க வந்த பாவாயியின் கூந்தலைப் பிடித்து இழுத்தான். அவளை நீ கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ களைக்கொத்தின் காம்பால் அவன் கையை ஒடித்தாய்.

மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கி எங்கள் கடைக்கு வந்தாய். அத்தா ஒன்றும் கேட்காமல் உன்னை மிளகு அடுக்கும் அறையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். இரண்டு நாள் அங்கேதான் இருந்தாய். அப்போதுதான் நான் மெட்ராஸிலிருந்து வந்திருந்தேன். டிரினிடாட் என்னும் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற கப்பலில் எனக்குக் கம்பவுண்டர் வேலை கிடைத்திருந்தது. போய்விட்டு அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியது. உலகம் பார்க்கலாம், வழியெல்லாம் படம் வரையலாம் என்ற துள்ளலில் இருந்தேன்.

"நீயும் வா" என்றேன். "அஞ்சு வருசம் ஒப்பந்தம். அதுக்குள்ள இந்தக் கேசெல்லாம் ஆறிப்போயிரும்."

"கடலுக்கு நடுவுலயா? நான் மலைக்காரன்ப்பா. தட்டையான ஊர்ல எனக்கு மூச்சு முட்டும்."

"அங்கயும் மலை இருக்குது" என்றேன்.

நான் அந்தத் தீவைப் பார்த்ததில்லை. மெட்ராஸில் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் டிப்போவில் ஒரு குமாஸ்தா சொன்னதுதான். ஆனாலும் தாள் எடுத்தேன். கடல் போட்டேன். கடலிலிருந்து கொல்லிமலையைத் தூக்கி நிறுத்தினேன். நம் சரிவு, நம் பலா மரம், நம் ஓடை. ஒரு மூலையில் ஒரு கூரை வீடும் போட்டேன். நீ அதை வெகுநேரம் பார்த்தாய். மலைக்கு ஆளனுப்பிப் பாவாயியை வரவழைத்துக் காட்டினாய். அவள் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு வருசந்தானுங்களே? கண்டிப்பா வந்துருமுங்களா?"

"கண்டிப்பா."

"அப்ப போயிட்டு வரட்டுமுங்க. செயிலுக்குப் போறதுக்கு இது தேவல" என்றாள்.

அவள் உன்னோடு வருவதற்கில்லை. உன் அம்மா படுக்கையில் கிடந்தாள், பார்க்க வேறு ஆளில்லை. மூன்றாம் நாள் நாம் இருவரும் சேலத்துக்கு வண்டி கட்டிப் போய் ரயிலேறினோம்.

மெட்ராஸ் டிப்போவில் உன் கழுத்தில் எண் போட்ட தகரத்தைக் கட்டினார்கள். ஒரு அதிகாரி வரிசையாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். சம்மதத்தோடுதான் போகிறாயா என்பது கேள்வி. மொழிபெயர்ப்பவனுக்கு அன்று காய்ச்சல், என்னை நிற்கச் சொல்லியிருந்தார்கள். உன் முறை வந்தபோது நீ அவரைப் பார்க்கவில்லை. "இவன் வாரானில்ல? அப்ப நானும் வாரேன்னு சொல்லு" என்றாய். அதை நான் ஒரே சொல்லில் "சம்மதம்" என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

கப்பலில் நீ கீழ்த்தட்டில், நான் மருந்தறைக்குப் பக்கத்தில். ஒன்றரை மாதத்துக்கு மேல் கடல். நான் பறக்கும் மீன்களை வரைந்தேன், பாய்மரக் கயிறுகளை வரைந்தேன், ஆப்பிரிக்காவின் தென்முனையில் கண்ட பெரிய வெள்ளைப் பறவைகளை வரைந்தேன். டாக்டர் துரை ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு நல்ல காகிதமும் வண்ணப் பெட்டியும் தந்தார். வயதான மனிதர், மென்மையாகப் பேசுவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆர்க்காட்டிலிருந்து ஒரு நெசவாளி, பெண்டாட்டியும் கைக்குழந்தையுமாக வந்திருந்தான், உனக்கு அடுத்த பாய். கடலில் இருபதாவது நாளோ என்னவோ, அந்தக் குழந்தை பேதியில் போயிற்று. துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். நீதான் அந்தத் தகப்பனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். சாயங்காலம் மருந்தறை வாசலில் வந்து உட்கார்ந்தாய்.

"அந்தப் புள்ளைய வரைஞ்சியா?"

"இல்லை."

"பின்ன இன்னைக்கு என்ன வரைஞ்ச?"

நோட்டைக் காட்டினேன். சூரியன் கடலில் இறங்குகிற படம். நோட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு இறங்கிப் போனாய்.

தீவு கண்ணுக்குத் தெரிந்த அன்று நீ குழந்தை மாதிரி ஆகிவிட்டாய். வடக்கே நீலமாக மலை எழும்பி நின்றது. "மலை இருக்குதப்பா! நீ போட்டாப்புலயே இருக்குது!" என்று என் முதுகில் அறைந்தாய். கரைக்கு முன்னால் ஒரு குட்டித் தீவில் உங்களை இறக்கி, உடம்பைச் சோதித்து, தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். உனக்கும் நெசவாளிக்கும் ஒரே தோட்டம் விழுந்தது. படகில் ஏறும்போது "அந்த மலைல ஏறிப் பாத்துட்டு உனக்குச் சொல்லியுடறேன்" என்றாய்.

திரும்பும் கப்பலுக்கு ஏழெட்டு மாதம் ஆகும் என்று தெரிந்தது. டாக்டர் அந்தத் தீவைப் பற்றி ஒரு புத்தகம் போட ஆசைப்பட்டார். அவர் எழுத, நான் வரைய வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. குதிரை வண்டியில் போவோம். எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை. தார் ஊறி நிற்கும் ஒரு ஏரியை வரைந்தேன். சதுப்பில் செக்கச்செவேலென்று கூட்டமாக இறங்கும் பறவைகளை வரைந்தேன். மலையில் ஏறி, கொக்கோ மரங்களின் நிழலில் உட்கார்ந்து அருவியை வரைந்தேன். ஆமாம், அந்த மலையில் நான் ஏறினேன். அங்கே பாறை ஈரமும் இலைச் சருகும் கொல்லிமலை மாதிரியே மணந்தன. உன்னை நினைத்தேன். நினைத்துவிட்டு, அருவியின் நுரைக்கு வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டுவிடுவதா சுண்ணம் பூசுவதா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நாலு மாதம் கழித்துத்தான் உன் தோட்டத்துக்கு வந்தோம். அதுவும் தோட்டத்து முதலாளித் துரையின் பங்களாவுக்கு முன்னால் வரிசையாக நின்ற பனை மரங்களை வரைய. மத்தியானம் டாக்டர் சாப்பிட உள்ளே போனதும் உன்னைத் தேடிக்கொண்டு கூலிகள் குடியிருக்கும் லயனுக்குப் போனேன். நீண்ட மரக் கொட்டகை, அறை அறையாகத் தடுத்தது, முன்னால் சாக்கடை. உன்னை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நீதான் கூப்பிட்டாய்.

"என்னப்பா, நாலு மாசத்துல மறந்துட்டியா?"

கால் இரண்டிலும் புண். பூச்சி குடைந்த புண். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"செயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன்."

"ஜெயிலுக்கா? என்ன செஞ்சே?"

"மலையப் பாக்கப் போனேன்." நீ சிரித்தாய். அது சிரிப்பில்லை. "ஞாயித்துக்கெழமதானே, வேல இல்லியே, போயிட்டு அந்திக்கு வந்துரலாம்னு பொறப்பட்டேன். ரோட்டுல போலீசு புடிச்சுப் பாஸ் எங்கேன்னான். மலைக்குப் போக என்னத்துக்குப்பா பாஸ்? எம்பட கால்ல நான் நடக்கறேன். பதினஞ்சு நாளு கல்லு ஒடச்சேன். தெனமும் இங்கிருந்து தெரியுதுப்பா அந்த மலை. கரும்பு வெட்டி நிமுந்தா தெரியுது. இல்லாமயே இருந்திருக்கலாம்."

மருந்துப் பையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த லயன வரை" என்றாய். "அந்தச் சாக்கடைய வரை. எங்காலு ரெண்டையும் வரை. கொண்டுபோயி செம்மேட்டுச் சந்தைல நாலு பேருக்குக் காட்டு. நம்மாளு இனி ஒருத்தனும் இங்க வரக்கூடாது."

சரி என்றேன். பங்களாவிலிருந்து டாக்டர் கூப்பிடும் சத்தம் கேட்டது. போய் மீதிப் பனை மரங்களை வரைந்து முடித்தேன்.

அடுத்தமுறை உன்னைப் பார்த்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். கப்பல் புறப்படப் பத்து நாள் இருந்தது. நெசவாளி ஒரு வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். முகம் வீங்கி வற்றி, கன்னம் உள்ளே போயிருந்தது. நான் கம்பவுண்டர். உன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சொட்டு ரத்தம் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்த பார்வையில் உனக்கும் தெரிந்துவிட்டது.

"பென்சில் கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு."

"என்ன வரைப்பா. இத்தன நாளுல என்ன நீ வரையவே இல்ல. இப்ப வரை. நான் எப்பிடிக் கெடக்கறனோ அப்பிடியே போடு. பாவாயிகிட்டக் குடு. அவ மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்குவா. நான் வரமாட்டேன்னு நீ வாயால சொல்லவே வேண்டியதில்ல. சின்னப் பொண்ணு, வேற ஊடு பாத்துக்கட்டும். எங்க சாதில அது ஒன்னும் தப்பில்ல. என்னக் காத்துக்கிட்டு அவ ஏன் கெழவியாவோணும்?"

நான் வரைந்தேன். நெற்றி, மூக்கு, காது எல்லாம் நீதான். கன்னத்துக்கு வந்தபோது கை நின்றது. குழி போட வேண்டிய இடத்தில் சதை போட்டேன். கண்ணுக்கு வெளிச்சம் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. உன் மேல் இரக்கம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். இரக்கமில்லை. உள்ளபடி போட்டால் அதை நான் பார்த்துக்கொண்டே ஊர் திரும்ப வேண்டும். அதற்கு எனக்குத் தைரியமில்லை. உயிருள்ளதை வரைகிறவனிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்பார்கள் என்று அத்தா என் படங்களைப் பார்த்து முகம் சுளிப்பார். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நீயே கேட்டுவிட்டாய்.

"இது யாருப்பா? நல்லாக் கொழுத்து இருக்கறான். நானில்லியே."

"நாளைக்கு வந்து வேற போடறேன்" என்றேன்.

வெளியே வந்து, வண்டியில் காத்திருந்த நம் கப்பல் டாக்டரிடம் பேசினேன். என் ஊர்க்காரன், பிழைக்கமாட்டான், திரும்பும் கப்பலில் ஏற்றிவிட்டால் சொந்த மண்ணிலாவது போய்ச் சேருவான் என்றேன். அவர் வருத்தத்தோடுதான் கேட்டுக்கொண்டார். "இந்தத் தோட்டத்துக்கு வேறு டாக்டர் இருக்கிறார். அவர் எல்லைக்குள் நான் நுழைவது முறையில்லை" என்றார். பிறகு வானத்தைப் பார்த்து, "பார், மேகம் விலகுகிறது. வெளிச்சம் போகுமுன் அந்த மலையை முடித்துவிடலாம்" என்றார்.

நான் பென்சிலைச் சீவினேன்.

இரண்டாம் முறை அவரிடம் நான் கேட்கவில்லை. அவர் எனக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் காரவள்ளியில் அத்தாவின் மிளகுக் கடையோடு சேர்த்து மருந்துக் கடை போட்டேன். கண்ணாடி போட்டு இன்னும் கடைச் சுவரில் தொங்குகிறது. 'நம்பிக்கைக்குரியவன்' என்று எழுதியிருக்கிறார். மறுநாள் நான் உன்னிடம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கப்பல் ஏறிவிட்டேன்.

ஊருக்கு வந்த மூன்றாவது நாள் பாவாயி மலையிலிருந்து இறங்கி வந்தாள். உன் அம்மா அதற்குள் இறந்துபோயிருந்தாள். பாவாயி கடை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"வருவாருங்களா, மாட்டாருங்களா? எதுன்னாலும் சொல்லீருங்க. கொண்டாந்து வெக்கறேன்னு ரெண்டு ஊட்டுல கேக்கறாங்க. இவரு வருவாருன்னா நான் எவனையும் பாக்கமாட்டேன். வரமாட்டாருன்னா எனக்கும் ஒரு வழி வேணுமுங்களே."

நீ சொன்ன அதே பேச்சை அவளே பேசினாள். நான் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை, தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் படத்தை எடுத்து நீட்டினேன்.

அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அட, சதை போட்டிருக்குதுங்க!" என்றாள். "அங்க நல்ல சோறு போல."

"நல்ல சோறுதான்" என்றேன். "வருவான்."

அவள் படத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு மலையேறிப் போனாள். சாமைக் குதிருக்குள் வைத்திருக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒரு வருடம் கழித்துச் செம்மேட்டுச் சந்தைக்கு மருந்து விற்கப் போயிருந்தேன். ஒரு மரத்தடியில் கூட்டம். ஆள் பிடிக்கிறவன் ஒருவன் அச்சடித்த தாளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் வரைந்த பங்களா, நான் வரைந்த பனை மரங்கள், பின்னால் நான் வரைந்த மலை. டாக்டர் யாரிடம் கொடுத்தாரோ, எப்படி அச்சுக்குப் போயிற்றோ. "அங்கயும் மலைதானுங்க, நம்மூரு மாதிரியே" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கூட்டத்துக்குள் புகுந்தேன். "பொய்! இவன் சொல்றது பூராவும் பொய். போகாதீங்க. நான் பார்த்துட்டு வந்தவன். அது நரகம்" என்று கத்தினேன்.

அவன் கோபப்படவில்லை. தாளின் மூலையைத் தடவிக் காட்டினான். அங்கே என் கையெழுத்து இருந்தது. "ஏனுங்க ராவுத்தரே, இந்தப் படம் போட்டது நீங்கதானுங்களே? சின்னதா உங்க பேரு இருக்குதுங்க. நரகத்த இவ்வளவு சோக்காவா போட்டீங்க?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டினார். "அவரு மட்டும் போயிச் சம்பாரிச்சுட்டு வந்துட்டாரு. நம்ம புள்ளைங்க போனா பொறுக்காதா?" என்றார். அன்று நாலு பேர் அவனோடு இறங்கிப் போனார்கள். அவர்களில் யாரும் திரும்பி வந்ததாக நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என் பென்சில், வண்ணப் பெட்டி, நோட்டு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். அதனால் என்ன? அச்சான தாள் அச்சானதுதான்.

உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள் என்று அதன் பிறகு ஒரு சாக்கு கிடைத்தது எனக்கு. பாவாயியிடம் சொல்லாமல் இருப்பதற்கு அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

நெசவாளியின் கடிதம் அடுத்த ஆண்டு வந்தது. நான் கப்பலேறிய மாதமே நீ போய்விட்டிருக்கிறாய். கொஞ்சம் எழுந்து நடக்க முடிந்ததும் பாஸ் இல்லாமல் மறுபடியும் மலையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாய். இரண்டாம் நாள் கண்டுபிடித்தார்களாம். தோட்டத்துக் கரும்பைக்கூட நீ தாண்டவில்லையாம். 'உங்களை நாலு நாள் எதிர்பார்த்தான். நாளைக்கு வரேன் என்றீர்களாம்' என்று எழுதியிருந்தான். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அதில் இல்லை.

அந்தக் கடிதத்தையும் நான் மறைத்தேன். அதைக் காட்டினால் அந்த நாலு நாளைப் பற்றி அவள் கேட்பாள். படத்தைப் பற்றிக் கேட்பாள். ஐந்து வருடம் ஆகட்டும், பிறகு தானாகவே தெரிந்துகொள்வாள் என்று இருந்தேன். ஐந்து வருடம் முடிவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. உலகமெல்லாம் அந்த யுத்தத்தைச் சபித்தது. நான் ஒருவன் அதற்கு நன்றி சொன்னேன்.

மாதம் ஒருமுறை மிளகோடு வருவாள். "அஞ்சு வருசம் ஆயிப்போச்சுங்களே, ஏனுங்க இன்னும் காணோம்?" என்பாள்.

"யுத்தம் நடக்குதும்மா. கடல்ல கப்பல் ஓடலை."

"முடிஞ்சா வந்துருவாருங்களா?"

"முடியட்டும்."

அவளைப் பெண் கேட்ட இரண்டு பேரும் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருந்தார்கள். அவளுக்குக் காதோரம் நரைத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே மிளகை நிறுத்துப் போட்டேன். எனக்கு இதற்குள் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். என் பிள்ளைகளுக்கு மலை நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுப்பாள். "வா சாமி" என்று மடியில் உட்காரவைத்துக்கொள்வாள்.

யுத்தம் முடிந்தது. செய்தி மலைக்கும் ஏறியது. மறுவாரமே வந்தாள். அன்று மிளகு கொண்டுவரவில்லை. புதுச் சேலை கட்டியிருந்தாள். "கப்பல் ஓடுமுங்களே இனி?" என்று கேட்டாள்.

என்னிடம் வேறு சாக்கு மிச்சமில்லை. உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். லயன், ஜெயில், ஆஸ்பத்திரி, நீ படம் வரையச் சொன்னது, எதற்காக வரையச் சொன்னாய் என்பது, நான் கன்னத்தில் சதை போட்டது, நாளைக்கு வருகிறேன் என்றது, கடிதம். கடிதத்தைப் படித்தும் காட்டினேன். படிக்கப் படிக்க என் குரல்தான் உடைந்தது. அவள் அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். மன்னித்துவிடு என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. என் கடைசிப் பையன் தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மிளகு எங்கள் கடைக்கு வரவில்லை. மலையிலேயே அடுத்த நாட்டில் பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்றும், அவருடைய வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். தனக்கென்று பிள்ளை இல்லாமலே போன வருடம் இறந்துவிட்டாள். சாவுக்கு நான் மலையேறிப் போனேன். வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். உள்ளே போக எனக்கு என்ன உறவு?

அன்று கடையிலிருந்து எழுந்து போகுமுன் அவள் ஒன்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. சாமை என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, இப்ப எனக்கு ஏழு வயசுல ஒரு புள்ள இருக்குமுங்க."

இப்போது இன்னொரு யுத்தமும் முடிந்துவிட்டது. என் பிள்ளைகளின் வயது எனக்கு அடிக்கடி தப்பிப்போகிறது, அவர்கள் அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் வயது ஒருநாளும் தப்புவதில்லை. இந்தத் தை பிறந்தால் முப்பத்திநான்கு.